வாத்து எண்ணப் போனவன்

அலோ... அலோ, லோகநாதன் சாருங்களா?... நான்தான் சார், கன்னியப்பன்... ஆவடி கன்னியப்பன் சார், நம்ம பறவை பாதுகாப்பு சங்கம்... ஆமா சார், ஆமா, டேங்க் ஃபேக்டரில ஃபிட்டரா கீறனே, அவனேதான்.

வாத்தை எங்க சார் எண்றது?... இல்ல, கேளுங்க... வாத்தெல்லாம் வந்துகீது சார், கோவில்பதாகை ஏரி நெறைய வந்துகீது. நான்தான் ஸ்டேஷன்ல கீறேன்... ரயில் ஸ்டேஷன் இல்ல சார், போலீஸ் ஸ்டேஷன்!... நான் யாரையும் புடிச்சிக் குடுக்கல. என்னைத்தான் புடிச்சிகினு வந்துட்டாங்க. பாகிஸ்தான் உளவாளியாம் நான்.

சிரிக்காதீங்க சார். சண்டை நடக்கற நேரம், ஊரே ராத்திரில வெளக்க அணைச்சிட்டு ஒக்காந்துகீது. நான் ஏரிக்கரை புதர்ல குப்புறப் படுத்துகினு பைனாகுலர்ல பாத்துகினு கீறேன். புல்லு அறுக்க வந்த அங்கம்மா போட்டா பாருங்க ஒரு கூச்சல்!... ஏன் ஒளிஞ்சேனா? நீங்கதான சார் சொன்னீங்க! காக்கிச்சட்டை போட்டுக்கோ, கண்ணுல படாதே, மூச்சு விடாதே, பாத்தத உடனே எழுதிக்கோன்னு... பறவைக்குத்தான் சொன்னீங்க, சரி. அது அங்கம்மாவுக்குத் தெரியுமா?

எல்லாம் சொன்னேன் சார். என் நோட்டுல கீற "நா.கோ. நாப்பது"ன்னா இன்னாடான்னாரு இன்ஸ்பெக்டரு. நாமக்கோழி, ஏரில நீந்தற பறவைங்கய்யான்னேன். கைய ஓங்கிட்டாரு... அப்பறம் வாத்து எங்கேருந்து வருதுன்னாரு... ஆமா சார், நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னேன். ரொம்ப வடக்கேருந்து, பாகிஸ்தான் மேல பறந்து வருதுன்னு... தெரியுது சார், இப்ப தெரியுது.

இதோ ஆச்சிங்கய்யா, ஒரே நிமிசம்... உங்களை இல்ல சார், இன்ஸ்பெக்டர் ஐயாவ.

சார், நீங்க நேர்ல வந்து இவன் நம்ம ஆளுன்னு ஒரு வார்த்தை சொன்னா வுட்டுடறாராம். இல்லாங்காட்டி ஃபேக்டரிக்கு போன் போட்டுருவாராம். போட்டா என் வேலை அவ்ளோதான். டேங்க்கு செய்ற எடத்துல உளவாளின்னு பேர் வாங்கினவனை எவன் சார் உள்ள வுடுவான்? பயமா கீது சார்...

இன்னா சார்?... மீட்டிங்கா?... சங்கத்துப் பேரு கெட்டுருமா?... நான் மெம்பரே இல்லியா! வெறும் தொண்டன்தானா... அஞ்சு வருசமா பனில நடுங்கிகினு எண்ணி எண்ணி எழுதிக் குடுத்தனே, அப்ப?... சரி சார். சரி சார். சங்கத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, அப்டியே சொல்லிடறேன்.

ஆனா ஐயா ஒண்ணு கேக்கறாரு சார். பைனாகுலர் யாருதுன்னு... ஆமா, உங்கள்துதான், அந்த ஜெர்மன்காரன் செஞ்சது... எங்கயும் போவல சார், மேசை மேலதான் கீது. கான்ஸ்டபிள் ஒருத்தர் கண்ணாடில எச்சி துப்பித் தொடச்சிகினு கீறாரு... கத்தாதீங்க சார்! நான் எப்டி வேணாம்னு சொல்றது? உளவாளி பேச்சை அவரு கேப்பாரா?

...வரீங்களா?... இப்பவேவா? மீட்டிங்கு?... டாக்சிலயா!... ஆமா சார், ஆமா, ஆமா, பத்தரமா கீது. கீறல் இல்ல. தோலுறையும் கீது... நானும் பத்தரமாத்தான் கீறேன் சார், நீங்க கேக்கல... அலோ?... அலோ...

வெச்சிட்டாருங்கய்யா. வராரு... எனக்காக இல்லீங்க. ஐயா, ஒரு ஒதவி பண்ணுங்க. அவரு வந்து பைனாகுலரை கேட்டா தனியா குடுத்துடாதீங்க. என்னையும் சேத்து எடுத்துகினு போனாத்தான் தருவேன்னு சொல்லுங்க.