படித்துறை மட்டும் பாக்கி

டூர் முடிஞ்சுது, சைக்கிளை விட்டுட்டு நீங்களும் கிளம்பலாம் சார், மத்தவங்க எல்லாம் போயாச்சு பாருங்க. ஹெல்மெட்டை இந்த ஆணியில மாட்டிடுங்க. என்னது? ஆமா, படித்துறைக்குப் போகல. பழைய படித்துறைன்னு உங்க போன்ல போட்டிருக்குதான், படமும் இருக்கு, நான் இல்லேங்கல. அந்தப் படத்தைப் பாத்துட்டுதான் பாதிப் பேரு வர்றாங்க.

வழியிலயே சொன்னேனே சார், பாசி பிடிச்சுக் கெடக்கு, வழுக்கும்னு. ஓ, பாலத்துல நின்னப்ப பாத்தீங்களா? குழந்தை குட்டியோட சனம் உக்காந்திருந்துச்சா? சரி, பாசி இல்லன்னே வச்சுக்குவோம். பேட்டரி தாங்காது சார், அதான் விசயம். உங்க வண்டியில பாதிக்கு மேல இருக்கா? இருக்கும். நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கா மிதிச்சு ஓட்டினீங்க. மத்தவங்க ஏறி உக்காந்ததும் பட்டனை அமுக்கினவங்கதான், கோட்டை ஏத்தம் வர்றதுக்குள்ள வண்டி படுத்துடுச்சு. பின்னாடி வேன்ல வந்தாரே மெக்கானிக், அவரு இல்லேன்னா அந்தத் தடியான ஆளை நான்தான் தள்ளிட்டு வந்திருக்கணும்.

அந்த ஒயரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. சிவப்பு லைட்டு எரியுதா? எரியட்டும். நான் இப்படி உக்காந்துக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. தம்பின்னு வாயில வந்துடுது, சார்னுதான் கூப்பிடணும்னு ஓனர் சொல்லியிருக்காரு. முழங்கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. காலையில ஒரு கும்பல், சாயந்திரம் ஒரு கும்பல். கரண்டு சைக்கிள்தானே, அதுவா ஓடும்னு எல்லாரும் சொல்றாங்க. சைக்கிள் ஓடும் சார், வாயை யாரு ஓட்டறது? சுங்க வாசல்ல ஒரு கதை, தானியக் கிடங்குல ஒரு கதை, நின்னுபோன மணிக்கூண்டுகிட்ட ஒரு ஜோக்கு. இந்த ஊர்ல யாருமே லேட்டா வந்ததில்லன்னு சொன்னேனே, நீங்க மட்டும் சிரிக்கல. எனக்கே சிரிப்பு வந்து வருசமாகுது. அந்தச் சுவத்துல வெள்ளம் வந்த கோடு போட்டிருக்கே, அதுக்குக் கீழ நின்னு எல்லாரும் பல்லைக் காட்டறாங்க, நான்தான் போட்டோ எடுத்துக் குடுக்கறேன். அந்த வெள்ளத்துல கைப்புள்ளையைத் தலைமேல வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினவ நான். அதை யாருகிட்டயும் சொல்றதில்ல. சொன்னா அதையும் ஒரு கதையாக்கி தெனம் சொல்லணும்.

போன்ல குறை எழுதத்தான் போறீங்களா? எழுதுங்க, உங்க இஷ்டம். காசு குடுத்திருக்கீங்க. ஆனா ஒண்ணு, இதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு எழுதிட்டாங்க, படித்துறை காட்டல, ஏமாத்துன்னு. இன்னொருத்தர் இதையே எழுதினா வண்டிச் சாவியைக் குடுத்துட்டு வீட்டுல இருந்துக்கன்னு ஓனர் சொல்லிட்டாரு. நல்ல மனுசன்தான், அவரு பொழப்பு அவருக்கு. இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?

கூட்டிட்டுப் போயிட்டா தீர்ந்துச்சேங்கறீங்க. ஓனரும் அதான் கேட்டாரு.

ஆமா, அந்த மெக்கானிக் என் வீட்டுக்காரர்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? தண்ணி பாட்டில் மூடியைத் தொறந்து குடுத்தாரா, சரி சரி. அவரு அப்படித்தான். இது எனக்கு ரெண்டாவது கல்யாணம் சார், மறைக்க ஒண்ணுமில்ல. மொத வீட்டுக்காரர் அந்தப் படித்துறையிலதான் படகு ஓட்டினாரு, நெஞ்சு வலியில போயிட்டாரு. அப்புறம் ரொம்பக் காலம் ஒண்டியாத்தான் கெடந்தேன். ஒரு நாள் இந்த ஷெட்டுல பஞ்சர் ஒட்டிக்கிட்டே இவரு கேட்டாரு, சாப்பிட்டியான்னு. நான் அழுதுட்டேன். அவருக்கு ஒண்ணும் புரியல, கையில பசையோட முழிச்சுக்கிட்டு நிக்கறாரு. அவ்ளோதான் எங்க கதை.

படித்துறைக்கு வர்றேன், அவசரப்படாதீங்க. அங்க மேல்படியில ஒரு ஜூஸ் கடை இருக்கு, நீலக் கலர் ஷட்டர். முன்னெல்லாம் நான் கும்பலை அங்க கூட்டிட்டுப் போவேன். இந்த மஞ்சக் கோட்டு மாட்டிக்கிட்டு நாங்க வளைவுல திரும்பறதுதான் தெரியும், ஷட்டர் இறங்கிடும். மொத தடவை, கடை மூடற நேரம்போலன்னு நெனச்சேன். அடுத்த தடவை ஒரு வயசான அம்மா கையில காசோட நிக்கறாங்க, பாதி பிழிஞ்ச எலுமிச்சம்பழம் பலகையில அப்படியே கெடக்கு, அவன் ஷட்டரை இழுத்து விட்டுட்டு ஆத்தோரமாப் போயிக்கிட்டே இருக்கான். திரும்பிக்கூடப் பாக்கல. பக்கத்துல படகு டிக்கெட் கிழிக்கற பொண்ணு சொன்னா, அக்கா, நீ வந்துட்டுப் போனா அன்னைக்கு அவன் கடையைத் திரும்பத் தொறக்கறதே இல்ல, வெயில் தாழ்ந்தாத்தான் இங்க வியாபாரமே, நீ அவன் வயித்துல அடிக்கறேன்னு.

அன்னையோட விட்டதுதான் சார். பாசின்னேன், பேட்டரின்னேன், வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

அவனுக்கு என்ன கோவம்ங்கறீங்களா? இந்த வயசுல கட்டிக்கிட்டேன்ல, அந்தக் கோவம். நீ நிக்கற எடத்துல இனிமே நான் நிக்க மாட்டேன்னு கல்யாணத்தன்னைக்கே மூஞ்சியில சொல்லிட்டான். சொன்ன சொல்லை நல்லாத்தான் காப்பாத்தறான். போய்ப் பேசிப் பாக்கலாமேன்னு இவருகூடச் சொன்னாரு. ஷட்டர்கிட்ட என்னத்தப் பேசறது?

அட, முகத்தை ஏன் இப்படி வச்சுக்கறீங்க? உங்களை அழ வைக்கவா சொன்னேன். இன்னும் வெளிச்சம் இருக்கு, வண்டியில பேட்டரியும் இருக்குன்னு நீங்களேதான் சொன்னீங்க. எடுத்துட்டுப் போயிட்டு வாங்க, ஓனர்கிட்ட நான் பாத்துக்கறேன். பாலத்தைத் தாண்டி இடது கைப்பக்கம், ரெண்டாவது வளைவு. இந்த நேரத்துல படியெல்லாம் பொன்னாட்டம் இருக்கும், நிஜமாவே அழகுதான், படத்துல பொய் இல்ல. பாத்துட்டு வந்து என்ன தோணுதோ எழுதுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

தாகமா இருந்தா அந்தக் கடையில ஒரு ஜூஸ் குடிங்க. உப்பு போட்டதாக் கேளுங்க. இஞ்சியைக் கடைசியிலதான் தட்டிப் போடுவான், முன்னாடியே போட்டாக் கசக்கும்னு நான் சொல்லிக் குடுத்தது. வந்து எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஆளு இளைச்சிருக்கானான்னும் ஒரு பார்வை பாத்துக்குங்க.

ஒரு நிமிசம் தம்பி. மேல போட்டிருக்கற அந்த மஞ்சக் கோட்டைக் கழட்டி இங்க குடுத்துட்டுப் போங்க. அதை வளைவுல பாத்தாலே எம் புள்ள கடையைச் சாத்திடுவான்.