எதற்கு இந்த மாத்திரை என்று நோயாளியையே கேட்ட சுந்தரவல்லி அம்மையாருக்கு

தாம்பரத்துக்கு வாய்த்த தகைசால் செவிலியே! புற்றுநோய்ப் பிரிவில் பொறுமை காத்த பெருந்தகையே! அழுதவரை ஆற்றி, அரற்றியவரைத் தேற்றி, அயர்ந்தும் அகலாத அன்னையே! பணி நிறைவு பெறும் சுந்தரவல்லி அம்மையே, வணங்குகிறோம். புகழ்ந்தால் முகம் சுளிப்பீர்கள், எங்களுக்கும் அசதிதான். ஆகவே அடுக்குமொழியை இத்தோடு நிறுத்தி, நடந்த ஒன்றைச் சபையறியச் சொல்கிறோம்.

அம்மையாருக்கு ஒரு வழக்கம். வீட்டுக்கு மாத்திரை வாங்கிப் போகும் எவரானாலும், அது எதற்கு, எப்போது, யாருக்கு என்று நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் விடுவார். உடன் வந்தவர் முந்திக்கொண்டு சொன்னால் ஏற்கமாட்டார். வரிசை நீளும், வசவு விழும். “பேஜாரா கீதுக்கா, சீக்கிரம் வுடு” என்பார்கள். பிற்பகலில் அந்தக் கேள்வி அவருக்கே கசந்துபோகும்.

சென்ற ஆடியில் ஒருநாள், இந்த ஒருவரைக் கேளாமல் அனுப்பினால்தான் என்ன என்று அலுத்தவர், பழக்கத்தால் கேட்டுவிட்டார். எதிரே சிங்கப்பெருமாள் கோவில் அப்பாதுரை.

“சத்து மாத்திரைம்மா. மருமவ சினேகா முழுகாம கீது, ரொம்ப சோந்து பூடுச்சி. காலைல அது கைல ரெண்டு குடுத்துட்டுதான் வந்தேன்.”

தகப்பனுக்கு நோயின் பெயர் தெரியக்கூடாதென்று, உடன் வந்திருந்த மகன் ஜெபகுமார்தான் புற்றுநோய் மருந்தைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்திருந்தார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் கட்டியை அழிக்கும் அந்த மருந்து, வயிற்றில் வளரும் கருவையும் விட்டுவைக்காது. ஜெபகுமாரின் போனை வாங்கி, சினேகாவிடம் அம்மையாரே பேசினார்.

“மாமா குடுத்த மாத்திரைய முழுங்கிட்டியாம்மா?”

“இல்ல சிஸ்டர். ஒரே வாந்தி. சாப்ட்டுட்டு போட்டுக்கலாம்னு வச்சிருக்கேன்.”

“போடாத. மறுபடி வெறுங்கையால தொடாத. தொட்ட கைய சோப்பு போட்டுக் கழுவு.”

போனை வைத்ததும் அப்பாதுரையைப் பெஞ்சில் உட்கார வைத்தார். மகன் அம்மையாரைத் தனியே அழைத்து விம்மினார். “பேரு தெரிஞ்சா அப்பா ஒடஞ்சிடுவாரு சிஸ்டர்.”

“ஒடஞ்சா நாம நாலு பேரு தாங்கிக்கலாம் தம்பி. இது உள்ள போயிருந்தா யாரு தாங்குறது?”

அதற்குள், போன் பேச்சைக் கேட்டிருந்த அப்பாதுரையே எழுந்து வந்துவிட்டார்.

“அந்தப் பொண்ணு முழுங்கலயே?”

“இல்லைங்க.”

“அப்ப சரி. எனக்கு இன்னா நோவு, நீயே சொல்லும்மா.”

அம்மையார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, எதையும் மறைக்காமல் சொன்னார். மகன் பக்கத்திலேயே நின்றார்.

அம்மையே, நோயின்றி நீடு வாழ்க! நிறையத் தூங்குக! நாளைக் காலை அந்தக் கேள்வியை நாங்கள் கேட்போம். அலுத்துக்கொண்டேனும் கேட்போம்.

இங்ஙனம்,
உங்களோடு நின்று களைத்த
புற்றுநோய்ப் புறநோயாளர் பிரிவுப் பணியாளர்கள்,
தாம்பரம்.