தர்மனின் கைக்கட்டு

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பொம்மிடிக் கடைவீதியை அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளே, கம்பைநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த தாய்மார்களே, வணக்கம்.

குழந்தை மருத்துவர் டாக்டர் அக்தர் பேகம் அவர்கள் மறைந்துவிட்டார்கள். அவரோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் நான். எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் அவரைக் கருணைக் கடல் என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது! உயிரோடு இருந்தபோது என்ன சொன்னீர்கள்? பிள்ளையைக் கட்டிப்போடுகிற பாவி என்று சொல்லவில்லையா?

அந்தப் பிள்ளை சென்னம்மாளின் மகன் தர்மன். தன் உதட்டையும் விரலையும் தானே கடித்துக் குதறுவான். பேய் என்றீர்கள். வேப்பிலை அடித்தீர்கள். டாக்டரம்மா அவனுடைய மூத்திரத் துணியை விரித்துப் பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில் மணல்! அங்கேயே நோயைப் பிடித்துவிட்டார்.

நம் உடம்பில் செல்கள் ஓயாமல் உடைகின்றன. அதில் மிஞ்சும் பியூரின் துண்டுகளைச் செல் வீணாக்காது, எடுத்துத் திரும்பப் பயன்படுத்தும். பழைய வீட்டை இடித்தால் நல்ல செங்கல்லைப் பொறுக்கி வைக்கிறோமே, அப்படி. அதைப் பொறுக்குகிற நொதி தர்மனுக்குப் பிறவியிலேயே இல்லை. அத்தனையும் யூரிக் அமிலமாகி மணலாக இறங்கியது.

மாத்திரை கொடுத்து அவன் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார். கடிப்பதை நிறுத்த உலகத்திலேயே மருந்தில்லை. அதனால் முழங்கை மடங்காதபடி மூங்கில் பட்டை வைத்துத் துணி சுற்றிக் கட்டினார். கட்டினால் சிரிப்பான்! அவிழ்த்தால் தன் கையைப் பார்த்தே அலறுவான்!

"கட்டி வுடுங்கம்மா, கட்டுனாத்தானுங்க எம்புள்ள சோறு திங்கறான்" என்று பெற்றவளே கெஞ்சினாள்.

ஆனால் வார்டுக்கு வருகிறவர்களுக்கு மனசு பொறுக்காது. "பாவம், பச்சப் புள்ளைங்க" என்று ஆளாளுக்கு அவிழ்த்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ரத்தம்! ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா தையல் போட்டார்! போதாததற்கு அவர் மேலேயே புகார். புகார் கொடுத்தவர்கள் இந்த மேடையிலும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

இன்று நான் ஏன் தாமதமாக வந்தேன் தெரியுமா? துக்கம் கேட்க வந்த ஒருவர், "டாக்டரம்மாவே போயிட்டாங்க, இனியாச்சும் புள்ள கை வீசி இருக்கட்டுங்க" என்று கட்டை அவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். நான் ஓடுவதற்குள் சுண்டுவிரல் போய்விட்டது!

டாக்டர் அக்தர் பேகம் அவர்களின் பணியை நான் தொடர்வேன். இது உறுதி. நீங்கள் படம் திறந்துகொள்ளுங்கள், மாலை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டை மட்டும் தொடாதீர்கள். உங்கள் இரக்கத்துக்குக் கொடுக்க அவனிடம் இனி ஒன்பது விரல்தான் இருக்கிறது.