மைனஸ் போடாத கடல்

மாட்டுத்தாவணியில் கொட்டாம்பட்டி பஸ் கிளம்பியதுமே, முன் சீட்டிலிருந்த கல்லூரிப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

"சித்தப்பா, முந்தாநேத்து ராத்திரி பூரா லேப்டாப்புல கடல ஓட விட்டேன். காலைல பாத்தா ஊரே முங்கிப் போச்சு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சித்தப்பா அசையவில்லை. லேப்டாப் பை அவர் காலடியில் கிடந்தது.

"எந்த ஊரு?"

"நான் இன்டர்ன்ஷிப் போன கடற்கரை ஊருதான். அங்க கல்லுச் சுவர் கட்டப் போறாக. கட்டுனா அலை என்ன செய்யும்னு கம்ப்யூட்டர்ல பாக்கணும். ஆழத்துக்கு முன்னால மைனஸ் போட மறந்துட்டேன். ஆழம் பூரா உயரமாயிருச்சு. கடலு திருப்பரங்குன்றம் மலையாட்டம் எந்திரிச்சு நின்னுருச்சு."

அவர் சிரித்துவிட்டார். "யாருகிட்டயும் சொல்லாத."

"எங்க காலேஜ் ஸார்கிட்ட அன்னைக்குக் காலைலயே சொல்லிட்டேன். நேத்து ராத்திரி மைனஸ் போட்டுத் திரும்ப ஓட்டுனேன். சுவரு கட்டுற ஊரு தப்பிச்சிருச்சு. ஆனா வடக்க இருக்க மீனவக் குப்பத்துல மணல் அரிச்சுக்கிட்டே போகுது. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்ல நான்தான் அதச் சொல்லணும்."

"அங்கயும் மைனஸ் கதையச் சொல்லுவியா?"

"அதத்தான் முதல்ல சொல்லுவேன். மறைச்சு, பின்னால தெரிஞ்சா, குப்பத்தப் பத்திச் சொன்னதையும் நம்ப மாட்டாக. சுவரக் கட்டிருவாக."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பஸ் மேலூர் வந்தது. சித்தப்பா குனிந்து பையை எடுத்தார். ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் தட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"கீழயே கெடக்கட்டும் சித்தப்பா. கனமா இருக்கும்."

"இருக்கட்டும்த்தா. உள்ள ஒரு குப்பமே இருக்குல்ல."