தம்பி செஞ்ச பெடல்

இல்லைங்க சார், கிடாருக்குக் காலால அமுக்கற இந்த ரெண்டு பெடலும் ஒரே சர்க்யூட் படத்தைப் பாத்துச் செஞ்சதுதான். அதே சாமான், அதே டப்பா, அதே ஆளு. ஆனா முதல்ல செஞ்சது பாடுது, இது தொண்டை கட்டின மாதிரி முனகுது. நீங்க மூஞ்சியைச் சுளிக்கிறதுல தப்பே இல்ல, பத்து நாளா இந்த வீட்ல எல்லாருக்கும் அதே மூஞ்சிதான். கிடாரை அப்படிச் சாத்தி வச்சுட்டு உக்காருங்க. தம்பி கெபாசிட்டர் வாங்கப் போயிருக்கான், இப்ப வந்துடுவான். பழைய ரேடியோவுல இருக்குமே, அந்தக் காலத்து கெபாசிட்டரா வேணுமாம். சூட்சுமமே அதுலதான் இருக்குன்னு எவனோ சொல்லிட்டான்.

ஆமா, நீங்க சொன்னதை வந்து சொன்னான். முதல் பெடல் சத்தம் அப்படியே திரும்ப வந்தா ஆறு பெடல் எடுத்துக்கறீங்க, உங்க ரெக்கார்டிங் ரூம்லயே அவனுக்கு வேலையும் உண்டு. இன்னிக்கும் வரலைன்னா வேற ஆளைப் பாத்துப்பீங்க. சரிதானே? அதுலேர்ந்து அவனுக்குச் சோறு எறங்கல. ராத்திரி தூக்கத்துல கூட ஓம்ஸ், ஓம்ஸ்னு பொலம்பறான்.

நானா? அக்கா. கூடப் பொறந்த ஒரே அக்கா. ஏன், சொல்லவே இல்லியா? அதானே, எங்க சொல்லப் போறான்.

கரண்ட் மீட்டர் செய்யற கம்பெனியில இருக்கேன் சார். பதினோரு வருஷமா, ஈயம் வச்சு ஒட்டற சால்டரிங் செக்‌ஷன். ஒரு நாளைக்கு நானூறு சர்க்யூட் போர்டு என் கையைத் தாண்டிப் போகுது. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கற வேலை. ஒரு நாளாவது இந்த வீட்ல ஒருத்தர், அங்க என்னதாம்மா செய்யறேன்னு கேட்டிருப்பாங்களா? ம்ஹூம். சம்பளம் வருது, பொண்ணு வருது, அவ்வளவுதான்.

இவன் ஒரே ஒரு போர்டு செய்ய ஆரம்பிச்சான் பாருங்க, வீடே தலைகீழாச்சு. சாப்பாட்டு மேசை அவனுக்கு. நாங்க தரையில. அப்பா டார்ச் பிடிக்கறாரு சார்! நான் கையைச் சுட்டுக்கிட்டு கட்டோட வந்தப்போ பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காத மனுஷன், இவனுக்கு ரெண்டு மணி நேரம் டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. இவனும் வீடியோவைப் பாத்துப் பாத்து ஈயத்தை அப்பி வைக்கறான். பாக்கப் பொறுக்காம நான்தான் வாயைக் குடுத்தேன். டேய், முதல்ல சாமானோட கம்பிக் காலைச் சூடு பண்ணு, அப்புறம் ஈயம் வைன்னேன். அக்கா, உன்னுது ஃபேக்டரி வேலை, இது சவுண்டு, உனக்குப் புரியாதுன்னுட்டான். அப்பா சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு இருக்கே... சரி விடுங்க.

கடைசியா அந்தக் கிளிப்பிங் பகுதி வந்துது. உங்களுக்குத் தெரியாததா? சத்தத்தோட மேல் நுனியையும் கீழ் நுனியையும் நறுக்கி விட்டு, அந்தக் கரகரப்பைக் கொண்டு வர்ற இடம். ரெண்டே ரெண்டு டயோடு. அரிசி மணி அளவு கண்ணாடி, ஒரு ஓரத்துல கறுப்புக் கோடு. ஒண்ணோட கோடு இந்தப் பக்கம்னா அடுத்ததோட கோடு அந்தப் பக்கம் இருக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அதுக்கே போச்சு. மூச்சு விடாம உக்காந்து போட்டான். சும்மா சொல்லக்கூடாது, சரியாத்தான் போட்டான்.

போட்டு முடிச்சதும் அம்மா சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போடறாங்க. என் பையன் மெஷினே செய்யறான்னு. பக்கத்து ரூம்ல யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கிட்டே கேட்டேன். வயிறு எரிஞ்சுது சார். மறைக்க என்ன இருக்கு? பொறாமைதான். தம்பின்னா என்ன, பொறாமை வராதா?

அப்புறம் அவன் கிடாரோட மேடை ஏறின அந்த நிகழ்ச்சி. நீங்களும் இருந்தீங்களே, முன் வரிசையில. நான் கடைசி வரிசை. ஏன் போனேன்னு மட்டும் கேக்காதீங்க. அவன் காலால அமுக்கினான். யப்பா! என் காதையே நம்ப முடியல. ஒரு பக்கம் கரகரன்னு, ஒரு பக்கம் அடிவயித்துலேர்ந்து எழும்பி வந்துது. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சுன்னா பாத்துக்குங்க. அப்பா நாற்காலியை விட்டு எழுந்துட்டாரு.

அன்னிலேர்ந்து அது ராசிப் பெட்டி. திறந்தா சத்தம் ஓடிப் போயிடுமாம், நாலு ஸ்க்ரூ மேலயும் டேப்பு. ரெண்டாவதுல எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பாக்கறான், இதை மட்டும் திறக்க மாட்டான். பத்து நாளா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். வாயைத் திறக்கல. முதல் நாள் சந்தோஷமாத்தான் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். நேத்து அவன் அழுதான்.

கொஞ்சம் நகருங்க. அட, ஒண்ணும் ஆகாது, டேப்பைத்தான் பிரிக்கறேன். அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. ம்... இதோ. இங்க பாருங்க, ரெண்டு டயோடு. கோடு எந்தப் பக்கம்? ரெண்டும் ஒரே பக்கம். ஒரு நுனியை மட்டும் நறுக்குது, இன்னொண்ணை அப்படியே விட்டுடுது. நீங்க தேடி வந்த சத்தம் இதான் சார், வேற ஒரு மண்ணும் இல்ல. அந்த ரெண்டாவது பெட்டியில ஒண்ணைத் திருப்பிப் போட்டா ரெண்டு நிமிஷத்துல வந்துடும்.

தப்பாப் போட்டுட்டானான்னா கேக்கறீங்க? சரியாத்தான் போட்டான்னு சொன்னேனே. ஈயத்தைப் பாருங்க. மத்த இடமெல்லாம் எறும்புப் புத்து மாதிரி குமிஞ்சு கெடக்கு, இந்த ஒரு டயோடோட ரெண்டு காலு மட்டும் பளபளன்னு இருக்கா? அது என் கை. நிகழ்ச்சி அன்னிக்குக் காலையில அவன் குளிக்கப் போனப்போ நான்தான் கழட்டித் திருப்பி வச்சேன். எல்லார் முன்னாடியும் மானம் போகட்டும்னுதான்.

வேலையை அவனுக்கே குடுங்க, நான் குறுக்கே வரல. ஆனா யாராவது ஒருத்தருக்குத் தெரியணும் சார். பதினோரு வருஷத்துல நான் ஒழுங்காச் செஞ்ச ஒரு போர்டுக்கும் ஒருத்தர் கை தட்டினதில்ல. வேணும்னே ஒண்ணைக் கெடுத்தேன், முந்நூறு பேரு எழுந்து நின்னு தட்டினாங்க. அதுவும் அவனுக்கு.