எண்ணெய் யாருக்கு

பிச்சுமணி: ...அதெல்லாம் இருக்கட்டும் சார். இன்னைக்கு எண்ணெய் யாருக்கு?

மகாதேவன்: என்ட்ட எதுக்குக் கேக்கீரு? கூட்டிட்டு வந்தவன் சுஹைபு. அவன்ட்ட கேளும்.

சுஹைப்: இருக்கட்டும் அண்ணே... அருவியவே கயிறு கட்டி மறிச்சிருக்காங்க. தண்ணி குறையட்டும், பாப்போம்.

பிச்சுமணி: மேல மலையில நல்ல மழை தம்பி. அஞ்சு அருவியும் ஒண்ணாக் கலந்து விழுது பாரு. அரை மணி நேரத்துல விட்டாலும் விடுவாங்க, சாயங்காலம் வரை விடாமலும் இருப்பாங்க. அதுக்குள்ள தேச்சு ஊற வச்சுட்டா...

மகாதேவன்: மனுசனுக்கு அவசரத்தைப் பாத்தியாலே. ஏன் பிச்சுமணி, எங்க குழுவுல எத்தனை பேருக்கு நீரு தேச்சிருப்பீரு?

பிச்சுமணி: அதை யாரு எண்ணுனா? டிரம்மு அடிச்சாரே குத்தாலிங்கம், அவரு முதுகு அகலத்துக்கு அரைக் கிண்ணம் கூடப் போச்சு. பொறவு சலீமு. பொறவு அந்தப் பாட்டுப் பாடுத பையன்... வயித்துக்குள்ள இருந்து பன்னி உறுமுத மாதிரி...

மகாதேவன்: விஜயசங்கர்.

பிச்சுமணி: ஆமா. தங்கமான பையன். தேய்க்கும்போது முருகன் பாட்டா முணுமுணுத்தான்.

மகாதேவன்: இப்பம் அதைத்தான் பாடிட்டுத் திரியுதான். கோயில் கொடை விழாவுக்கு அவனக் கூப்பிடுதாங்க. நம்மள எவன் கூப்பிடுதான்? தென்காசியில இருபத்தேழு வருசமா ஒரு ஹெவி மெட்டல் குழு இருக்குன்னு தென்காசிக்கே தெரியாது.

சுஹைப்: இந்த எண்ணெய் எதுக்கு அண்ணாச்சி? ஒருத்தன குழுவுல இருந்து நிப்பாட்டணும்னா ஒரு டீக்கடையில வச்சுச் சொல்லலாம்லா?

மகாதேவன்: முதல்ல நிப்பாட்டுன சுபாஷுட்ட டீக்கடையில வச்சுத்தான்லே சொன்னேன். பாதி டீய வச்சுட்டு எழுந்திரிச்சான். என் கிதாரத் தோள்ல மாட்டுனான். திருநெல்வேலி பஸ்ஸுல ஏறிட்டான். கிதாரும் போச்சு, ஆளும் போச்சு.

சுஹைப்: பொறவு?

மகாதேவன்: பொறவுதான் இந்த ஏற்பாடு. மேலெல்லாம் எண்ணெயோட நிக்கவன் எந்தப் பஸ்ஸுல ஏறுவான்? சண்டைக்கு வந்தாலும் பிடி வழுக்கிரும். சொல்ல வேண்டியதச் சொல்லி, அப்படியே அருவிக்குள்ள தள்ளி விட்டுரணும். உள்ள நின்னு அழுதாலும் யாருக்கும் தெரியாது. வெளிய வரும்போது எந்தத் துக்கக்காரனுக்கும் பசி எடுத்திரும். நேரா பிரானூருக் கடை. பரோட்டாவும் கோழியும்.

பிச்சுமணி: சலீமு மட்டும் அவராத்தான் உங்களக் கூட்டிட்டு வந்தாரு சார்.

மகாதேவன்: ஆமா. துபாய்க்குப் போறத எண்ணெயத் தேச்சுக்கிட்டு நின்னு அவனே சொன்னான். போறவனா இருந்தாலும், போகச் சொல்லுதவனா இருந்தாலும் இங்கனதான். ஸ்ரீமதி ஒருத்திதான் எண்ணெய் வேண்டாம்னுட்டா. "எனக்கு முந்தாநாளே தெரியும் சார், பரோட்டாவ மட்டும் வாங்கிக் குடுங்க"ன்னா. கீபோர்டுக்கு அவள மாதிரி பொறவு அமையவே இல்ல.

பிச்சுமணி: சார், இந்தப் பலகையில உக்காருங்க. ஈரம் இல்ல... சார்... சார்...

சுஹைப்: அண்ணாச்சி, உங்களத்தான் கூப்பிடுதாரு. பின்னால.

மகாதேவன்: ஆங்... இந்த அருவிச் சத்தத்துல எங்கலே கேக்கு. நீ இந்தப் பக்கம் வந்து எனக்கு எதுத்தாப்புல உக்காரு. தரையப் பாத்துப் பேசாத.

பிச்சுமணி: நீங்க பேசிட்டு இருங்க. நான் கடைக்குப் போய் எண்ணெயச் சூடு பண்ணிட்டு வாரேன்.

மகாதேவன்: ம். அவரு போயிட்டாரு... சொல்லு.

சுஹைப்: என்னத்தச் சொல்ல?

மகாதேவன்: மூணு நாளா எனக்கு வாட்சப்புல என்னமோ டைப் பண்ணுத, அழிக்க. மறுபடி டைப் பண்ணுத, மறுபடி அழிக்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முதுகு வரைக்கும் வளத்த முடிய வேற வெட்டிட்ட.

சுஹைப்: உம்மா சொல்லிச்சு.

மகாதேவன்: ஆறு வருசமா உங்க உம்மா சொல்லாததா? ஒருத்தன் அந்த முடிய வெட்டுதான்னா மனசுக்குள்ள எதையோ நிச்சயம் பண்ணிட்டான்னு அர்த்தம். போன வாரம் திருவனந்தபுரத்துக்குப் போயிட்டு வந்த.

சுஹைப்: அது... ஒரு சோலியா.

மகாதேவன்: ஜெஸ்வினப் பாக்கத்தானே?

சுஹைப்: எந்த ஜெஸ்வின்?

மகாதேவன்: நடிக்காதலே. அந்த நாகர்கோவில் பையன். எனக்குப் பாதி வயசு. பேஸ் கிதாரு ரெண்டு மடங்கு வேகமா வாசிக்கான். யூடியூப்ல அவன் விரலப் பாத்தேன்... நல்ல விரலு. கொச்சி நிகழ்ச்சிக்கு என் இடத்துல அவனப் போடுங்க. கோவமெல்லாம் இல்ல. இங்கன வந்து இறங்கும்போதே எனக்குப் புரிஞ்சிட்டு. நான் கண்டுபிடிச்ச வழியில எனக்கே எண்ணெய்.

சுஹைப்: அண்ணாச்சி, நான் சொல்ல வந்தது...

மகாதேவன்: உனக்கு அந்தச் சிரமமே வேண்டாம். அறிவிப்பு கூட நானே எழுதிட்டேன். இந்தா போனு. வாசி.

சுஹைப்: இப்பமா?

மகாதேவன்: வாசிலே. தப்பு இருந்தாச் சொல்லு.

சுஹைப்: "கருஞ்சாரல் இசைக்குழுவின் அன்பர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். நம் குழுவைத் தோற்றுவித்தவரும், இருபத்தேழு ஆண்டுகளாக அதில் பேஸ் கிதார் வாசித்து வந்தவருமான திரு. மகாதேவன் அவர்கள், தம் சொந்தக் காரணங்களை முன்னிட்டுக் குழுவிலிருந்து அன்புடன் விடைபெறுகிறார். அவர்தம் அரும்பணியைக் குழு என்றும் நன்றியுடன் நினைவுகூரும். அவரது இடத்திற்கு வரவிருக்கும் கலைஞருக்குத் தங்கள் மேலான ஆதரவை நல்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்..." இது விஜயசங்கர் போனப்பப் போட்டதுல்லா?

மகாதேவன்: எல்லாருக்கும் அதேதான். பதினோரு பேருக்குப் போட்டாச்சு. பேரையும் வாத்தியத்தையும் மட்டும் மாத்துவேன். தமிழ் வாத்தியார் எழுதுனது, ஒற்றுப்பிழை கூட இருக்காது. சொந்தக் காரணம்னு போட்டுட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான்.

சுஹைப்: உங்கள யாரும் போகச் சொல்லல அண்ணாச்சி.

மகாதேவன்: என்ன? கைய வாயில இருந்து எடுத்துட்டுச் சொல்லு.

சுஹைப்: உங்கள... யாரும்... போகச் சொல்லல.

மகாதேவன்: சத்தியமா?

சுஹைப்: அல்லா மேல ஆணையா. திருவனந்தபுரத்துல நான் எந்த ஜெஸ்வினையும் பாக்கல. அந்தப் பேச்சே எங்களுக்குள்ள வரல.

மகாதேவன்: அப்பம் கொச்சிக்கு?

சுஹைப்: கொச்சிக்கு... நீங்க இல்லாம எப்படி அண்ணாச்சி.

மகாதேவன்: கேணப்பயலே... மூணு நாளாச் சோறு இறங்கல எனக்கு. பத்தாம் வகுப்புல ஒரே புணர்ச்சி விதிய ரெண்டு நாள் நடத்திருக்கேன். ஒரு பிள்ளை கூடச் சொல்லல. இன்னைக்கு லீவு வேற போட்டுட்டு வந்திருக்கேன். பொறவு எதுக்குலே ஐந்தருவிக்குக் கூட்டிட்டு வந்த?

சுஹைப்: சும்மா... குளிச்சு நாளாச்சேன்னு.

மகாதேவன்: சும்மாவா. நல்லாக் குளிக்க வந்த போ... சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு. உன்ட்ட ஒண்ணு சொல்லணும். வேற யாருக்கும் தெரியக்கூடாது. எங்க வீட்டுலயே பாதிதான் தெரியும்.

சுஹைப்: சொல்லுங்க.

மகாதேவன்: எனக்கு வலது காது போய் நாலு வருசம் ஆச்சு.

சுஹைப்: என்ன சொல்லுதீங்க?

மகாதேவன்: இடது காதும் கொஞ்சம் கொஞ்சமா மங்கி, இந்த ஆனி மாசத்தோட முழுசாப் போச்சு. இப்பம் உள்ள ஒரு இரைச்சல் மட்டும் கிடக்கு. இந்த அருவி மாதிரி, ஆனா குறையாது. இருபத்தேழு வருசம் அந்த ஸ்பீக்கர் பெட்டி முன்னால நின்னதுக்கு வேற என்ன கிடைக்கும்? நீ பேசுததெல்லாம் உன் உதட்டுல இருந்துதான் எடுக்கேன்.

சுஹைப்: விளையாடாதீங்க அண்ணாச்சி. போன மாசம் கோவில்பட்டியில, காலேஜ்ல, ஒரு அடி தப்பல நீங்க.

மகாதேவன்: கூட்டத்துக்கு முதுகக் காட்டித்தானே நின்னேன்?

சுஹைப்: அது உங்க ஸ்டைலு. வாசுதேவநல்லூர்ப் பயலுவ ஒரு குழு ஆரம்பிச்சிருக்கானுவ. உங்களப் பாத்து மூணு பேரும் முதுகக் காட்டித்தான் நிக்கானுவ. யாரு பாடுதான்னே தெரியல.

மகாதேவன்: அட பாவிப் பயலுவளா... ஸ்டைலும் இல்ல, மண்ணும் இல்ல. நான் உன் வலது காலப் பாத்துக்கிட்டு நிக்கேன்லே. பெரிய டிரம்ம மிதிக்கதுக்கு முன்னால உன் முழங்கால் ஒரு நூல் ஏறும். அது ஏறும்போது என் விரல் இறங்கும். அவ்வளவுதான் என் சங்கீதம்.

சுஹைப்: செருப்பக் கழத்திட்டு நிப்பீங்களே...

மகாதேவன்: மேடைப் பலகையில அதிரும்லா. உள்ளங்கால்ல வந்து சேரும். மழை பெஞ்ச மேடைன்னா அதுவும் வராது. அன்னைக்கு உன் முழங்கால் மட்டும்தான்.

சுஹைப்: வேற யாராவது அடிச்சா?

மகாதேவன்: உன் தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு ஒரு செங்கோட்டைப் பையன உக்கார வச்சோமே, ஞாபகம் இருக்கா? நல்லாத்தான் அடிச்சிருக்கான், எல்லாரும் சொன்னாங்க. அவன் காலு எனக்குப் பிடிபடல. நாலு பாட்டும் பாழ். ஒயர் போச்சுன்னு பொய் சொல்லிக் கீழ இறங்கிட்டேன். பொறவு வீட்டுல வச்சு உன் வீடியோவ ஓட்டி ஓட்டிப் பாப்பேன். உன் காலப் படிக்கதுக்கே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சுலே. இன்னொரு கால இனிமே எங்க போய்ப் படிக்க?

சுஹைப்: டாக்டர்ட்ட...

மகாதேவன்: காட்டியாச்சு. வாசிக்கத விடுன்னுதான் சொல்லுதாரு. விட்டா நான் யாரு? பதினோரு பேரு போனாங்க. ரெண்டு பேரத் தவிர எல்லாருக்கும் எண்ணெய் தேச்சு அனுப்பி வச்சேன். இனிமே யாரு வந்தாலும் போனாலும் எனக்குக் கவலை இல்ல. நீ பின்னால உக்காந்திருக்க வரைக்கும் எனக்குக் காது எதுக்கு?

சுஹைப்: அண்ணாச்சி, நான் வந்து...

மகாதேவன்: என்னலே, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. ஒரு செவிடனோடயா இத்தனை நாள் வாசிச்சோம்னு இருக்கா?

சுஹைப்: இல்ல அண்ணாச்சி... சாரல் கண்ணுல அடிக்கி.

மகாதேவன்: இந்தா, துண்டு. துடைச்சுக்கோ. நான் கயித்துப் பக்கமாப் போய் நிக்கேன். போலீஸ்காரர் கையக் காட்டுனா முதல் ஆளா இறங்கிருவோம். குளிச்சிட்டு ரெண்டு பேரும் பிரானூருக்குப் போறோம். யாரும் விட்டுப் போகாம, யாரையும் போகச் சொல்லாம, சும்மா ஒரு பரோட்டா. குழு ஆரம்பிச்சதுல இருந்து இதுதான் முதல் தடவை.

பிச்சுமணி: எண்ணெய் பதமாயிட்டு தம்பி. சாரு எங்க?

சுஹைப்: அந்தா... கயித்துப் பக்கம்.

பிச்சுமணி: நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்காரு. சார்... சார்...

சுஹைப்: கூப்பிடாதீங்க அண்ணே. கேக்காது.

பிச்சுமணி: இந்தச் சத்தத்துல எப்படிக் கேக்கும். அப்பம் யாருக்குத்தான் தேய்க்க? ஆறிப்போயிரும்லா.

சுஹைப்: எனக்குத்தான். இந்தா... சட்டையக் கழத்துதேன்.

பிச்சுமணி: உனக்கா? உன்னையுமா நிப்பாட்டுதாரு? நீ நல்லா அடிக்கன்னு போன தடவைதான் பெருமையாச் சொன்னாரு.

சுஹைப்: மெதுவாத் தேய்ங்க அண்ணே... அவரு திரும்புத வரைக்கும். திருவனந்தபுரத்துல மெடிக்கல் முடிஞ்சிட்டு, விசாவும் வந்துட்டு, வியாழக்கிழமை எனக்கு தோஹாவுக்கு ஃப்ளைட்டு... அத அவரு முகத்தைப் பாத்துச் சொன்னாத்தான் அவருக்குக் கேக்கும்.