எங்க வூட்டு டயானா

— வாக்கு குடுத்துட்டீங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.

— கேளேன் அமலா, பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க. மெதுவா பேசு.

— பாக்கட்டும். ஏழு வருசமா பாத்துக்கினுதான இருக்காங்க. ஜவுளிக்கடைக்காரரு எங்கிட்ட வந்து, "பொண்ணு மஞ்ச தண்ணிக்கு இன்னா கலரு பொடவைம்மா"ன்னு கேக்குறாரு. நான் திருதிருன்னு முழிக்கிறேன். தீவாளிக்குத் துணி எடுக்கலாம்னுதான விழுப்புரத்துக்கு இட்டாந்தீங்க?

— சொன்னா நீ வந்திருப்பியா? கேளேன். வெளம்பரத்த நம்பி இனிமே ஒருத்தனும் வீடியோ போட்டுப் பொழைக்க முடியாது. போன வருசம் வந்த வியூஸ்ல கால்வாசி கூட இப்ப வர்றதில்ல. கம்ப்யூட்டர் செஞ்ச பொம்பள ஒருத்தி மீன் கொழம்பு வைக்கிறா. பொம்பளையும் கெடையாது, மீனும் கெடையாது. அத இருபது லட்சம் பேரு பாக்குறான்!

— பாத்துட்டுப் போறான். நாம வுட்டுடலாங்க. நான் ஓஞ்சிட்டேன். காலைல எந்திரிச்சி, மூஞ்சி கழுவி, பவுடர் போட்டுக்கினு, திரும்பப் படுத்துத் தூங்கி எந்திரிக்கிற மாதிரி நடிக்கணும். எத்தினி நாளைக்கி?

— வுட்டுட்டு? பழையபடி கல்யாண வூட்டுக் கேமராவத் தூக்கிக்கினு செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் அலையவா? இனிமே மாசாமாசம் சந்தா கட்டிப் பாக்குறவங்கதான் நமக்கு சோறு. அவங்க கேக்குறது நெசமான குடும்பம். மத்தது எல்லாத்தையும் கம்ப்யூட்டரு செஞ்சிரும். ஆனா பொம்மைக்கு வயசு ஏறாது. நம்ம டயானாவுக்கு ஏறும்.

— மாதாவே! பெத்தவரு பேசுற பேச்சா இது?

— தப்பா எடுத்துக்காத. அவ பல்லு வுழுந்தப்ப பாத்தாங்க. காது குத்துனப்ப அவகூட அழுதாங்க. மாதா கோயில்ல மொத மொத புதுநன்மை வாங்க வெள்ளை கவுன் போட்டுக்கினு நின்னாளே, அந்த வீடியோவுலதான நம்ம ஓட்டு வூடு மாடி வூடாச்சி? அவங்களுக்கும் அவ பொண்ணு மாதிரிதான்.

— அவங்களுக்குப் பொண்ணு மாதிரி. நமக்குப் பொண்ணு. 'எங்க வூட்டு டயானா'ன்னு சேனலுக்கு அவ பேர வச்சப்பவே நான் தடுத்திருக்கணும். சரி, பொடவ எடுத்தாற வேண்டியது எங்க சூசை அண்ணன். தாய்மாமன் உயிரோட இருக்கறப்ப நடுவுல ஜவுளிக்கடைக்காரரு யாரு?

— மச்சான்தான் கையால குடுப்பாரு. டப்பா மேல கடை பேரு தெரியணும், அவ்ளோதான்.

— அண்ணன் கட்டுற ஓலைக் குடிசை மேல?

— அங்க ஒரு சின்ன பேனரு... கேளேன், மொறைக்காத. லைவ்தான், ஆனா சந்தா கட்டுனவங்களுக்கு மட்டும். கண்டவனும் பாக்க முடியாது.

— சந்தா கட்டிட்டா கண்டவன் இல்லியா?

— பேஜாரு பண்ணாத. தீவாளிக்குள்ள நடந்தா நல்லதுன்னு கடைக்காரரு சொன்னாரு. அவளுக்குப் பதிமூணு முடியப் போவுது. கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் உக்காந்தாச்சி. அதான் நேத்து மெம்பருங்களுக்கு ஒரு கேள்வி போட்டு வுட்டேன், எந்த மாசம்னு நெனைக்கிறீங்கன்னு. ஆறாயிரம் பேரு ஓட்டுப் போட்டிருக்கான். பாதிப் பேரு ஐப்பசி...

— இன்னா போட்டீங்க?

— சும்மா ஒரு ஓட்டெடுப்பும்மா.

— அதப் பாத்துட்டுத்தான் காலைல சோறு தின்னாம ஸ்கூலுக்குப் போயிருக்கா. நான் வயித்து வலின்னு நெனைச்சிக்கினு இருக்கேன்.

— அது கொழந்த, அதுக்கு இன்னா தெரியும்? வண்டி விக்கிரவாண்டி தாண்டிருச்சி பாரு. இந்தா, தண்ணி குடி. மூஞ்சியே செத்துப் போயிருக்கு.

— நடந்து நாலு மாசம் ஆச்சிங்க.

— எது?

— டயானா வயசுக்கு வந்து. மே மாச லீவுக்கு நானும் அவளும் பெருமுக்கல்ல அண்ணன் வூட்டுக்குப் போனமே, நீங்க சேனல் மீட்டிங்குன்னு மெட்ராஸ் போயிருந்தீங்களே, அப்ப. அண்ணன் ஓலை வெட்டியாந்து கட்டுனாரு. ஏழு பொம்பளைங்க தண்ணி ஊத்துனோம். அண்ணி எல்லார் போனையும் வாங்கி மல்லாட்டை மூட்டைக்குள்ள போட்டு வச்சிட்டாங்க.

— அடிப்பாவி... நான் அவ அப்பன்டி! மச்சானுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சொல்லிடலாம்னு போன எடுத்தேங்க. அவதான் என் கையப் புடிச்சிக்கினு அழுதா. "அப்பா மட்டும் வர்றதா இருந்தா வரச் சொல்லும்மா"ன்னா.